மைனருக்கு மைனர்: 948ஐ இறக்கி 1098ஐப் பூட்டுதல்

பழைய கார் கேள்வி–பதில்

மொறிஸ் மைனர் வைத்திருக்கும் வாசகர்களின் கடிதங்களுக்கு இம்முறை சேர்த்துப் பதில் தருகிறோம்.

கேள்வி: என்னிடம் இருப்பது 1959ஆம் ஆண்டு மைனர் 1000, இரண்டு கதவு, 948 சிசி. பொடி (காரின் உடல்) நல்லது, எஞ்சின் களைத்துவிட்டது. இப்போது 1966 மைனர் ஒன்று கிடைத்திருக்கிறது. அதன் பொடியைக் கறள் தின்றுவிட்டது, 1098 எஞ்சின் சுற்றுகிறது. எஞ்சினை மட்டும் மாற்றினால் போதுமா? கியர்பொக்ஸ், டிபரன்சல், பிறேக் எல்லாவற்றையும் எடுக்க வேண்டுமா? — சாவகச்சேரி வாசகர்

பதில்: எல்லாவற்றையும் எடுங்கள். எஞ்சினை மட்டும் மாற்றினாலும் கார் ஓடும், ஆனால் ஒவ்வொரு பாகமாக மற்றவற்றையும் மாற்ற வேண்டிய நிலை பின்னால் வரும்.

948 எஞ்சின் 37 குதிரைவலு தருவது. 1962 ஒக்டோபரில் வந்த 1098 தருவது 48. இழுவை 50 இறாத்தல்-அடியிலிருந்து 60க்கு ஏறுகிறது. இந்தக் கூடுதல் இழுவை முதலில் போய் விழுவது கிளச்சில். உங்கள் காரில் இருப்பது 6¼ அங்குலக் கிளச், 1098இல் இருப்பது 7¼ அங்குலம். பெரிய கிளச் பழைய பெல் ஹவுசிங்குக்குள் அடங்காது. ஆகவே பழைய கியர்பொக்ஸை வைத்திருப்பதானால் பிளைவீல், எஞ்சின் பின்தகடு, கிளச் மூன்றையும் 948இலிருந்து கழற்றி 1098இல் பூட்ட வேண்டும். அப்படிப் பூட்டிய கார்கள் நிறைய ஓடுகின்றன. நாலு பேரையும் சாமான்களையும் ஏற்றி மேட்டில் இழுக்கும்போதுதான் சின்னக் கிளச் வழுக்குவது தெரியவரும்.

கியர்பொக்ஸையும் அதனால்தான் எடுக்கச் சொல்கிறோம். 948இன் கியர்பொக்ஸ் உறை வெளியே மழமழப்பாக இருக்கும், 1098இனுடையதில் வரிவரியாக விலா எலும்பு தெரியும். விலா எலும்புப் பெட்டியின் சின்க்ரோ (கியரை உரசாமல் விழவைக்கும் அமைப்பு) நல்லது, தாங்கும். முதலாவது கியருக்கு இரண்டிலும் சின்க்ரோ கிடையாது. கிளச் நெம்பு, அதற்குப் போகும் கம்பி, கியர்பொக்ஸைத் தாங்கும் குறுக்குச் சட்டம், புரொப்பலர் ஷாப்ட் ஆகியவற்றையும் சேர்த்தே எடுத்து வையுங்கள். ஒன்றை விட்டுவிட்டுப் பிறகு தேடுவது வீண் அலைச்சல்.

டிபரன்சல், அதாவது பின் அக்சிலின் நடுவிலுள்ள பற்சக்கரத் தொகுதியின் விகிதம், உங்கள் காரில் 4.55 (9க்கு 41 பல்), 1966 காரில் 4.22 (9க்கு 38 பல்) இருக்க வேண்டும். இத்தனை வருடத்தில் யாராவது மாற்றியிருக்கலாம் என்பதால் சோதித்துப் பாருங்கள். ஒரு பின்சக்கரத்தை மட்டும் ஜக்கில் உயர்த்தி, கியரை நியூட்ரலில் போட்டு, அந்தச் சக்கரத்தை முழுதாக இரண்டு சுற்றுச் சுற்றுங்கள். புரொப்பலர் ஷாப்ட் நாலரைச் சுற்றுக்குச் சற்று மேலே போனால் 4.55. நாலேகால் வருமுன் நின்றால் 4.22. அக்சில் குழாய் இரண்டு காருக்கும் ஒன்றுதான், ஆகவே முழு அக்சிலையும் இறக்கத் தேவையில்லை. ஒயிலை வடித்து, புரொப்பலர் ஷாப்ட்டைப் பிரித்து, பிறேக் டிரம்மைக் கழற்றி, இரண்டு பக்க அரை ஷாப்ட்டையும் வெளியே இழுத்தால், எட்டு நட்டுடன் டிபரன்சல் முன்பக்கமாகக் கையில் வரும். புதுக் காகித கஸ்கெற் போடுங்கள். அரை ஷாப்ட் விளிம்பிலுள்ள கஸ்கெற்றையும் இறப்பர் வளையத்தையும் மாற்றாமல் விட்டால் ஒயில் பின்பிறேக்குக்குள் இறங்கும். உள்ளே 90 தர ஹைப்பொயிட் ஒயில், ஏறத்தாழ 0.85 லீற்றர்.

முன்பிறேக் கட்டாயம் மாற வேண்டும். 948இல் முன்டிரம் 7 அங்குலம், 1098இல் 8 அங்குலம். பின்னால் இரண்டிலும் 7தான், அதைத் தொடவேண்டாம். காரின் வேகத்தைக் கூட்டிவிட்டு நிறுத்தும் சக்தியை 1959இலேயே விட்டுவைப்பதை நாங்கள் சிபாரிசு செய்யமாட்டோம். பின்தகடு, சிலிண்டர்கள், ஷூ, டிரம், இரண்டு சிலிண்டரையும் இணைக்கும் சின்னக் குழாய் எல்லாவற்றையும் ஒரே தொகுதியாக எடுங்கள்.

கேள்வி: விற்பவர் 1098 என்கிறார். வெளியே பார்த்தால் இரண்டு எஞ்சினும் ஒன்றுபோல இருக்கிறதே, எப்படி நிச்சயப்படுத்துவது? — வவுனியா வாசகர்

பதில்: புளொக்கின் வலப்பக்கம், டைனமோவுக்கு மேலே எஞ்சின் இலக்கம் இருக்கும். 9எம் என்று தொடங்கினால் 948, 10எம்ஏ என்று தொடங்கினால் 1098. காரின் தொழிற்சாலை இலக்கத் தகட்டில் உள்ள குறியீடு எம்ஏ2எஸ்3 போல 3இல் முடிந்தால் அது 948 காலத்துக் கார், 5இல் முடிந்தால் 1098 காலத்துக் கார். ஆனால் தகடு ஆணியடித்த தகடுதான், எஞ்சினும் கைமாறிய எஞ்சினாக இருக்கலாம். பணம் கொடுக்குமுன் ஹெட்டை (சிலிண்டர்களின் மேல்மூடியை) கழற்ற விற்பவர் சம்மதித்தால் அளந்தே பாருங்கள். துளை 948இல் 62.94 மி.மீ., 1098இல் 64.58. துளையை மட்டும் நம்பவேண்டாம். அங்குலத்தில் ஆயிரத்தில் 40 பங்கு போர் பண்ணிய (துளையைப் பெருப்பித்த) 948, 64 மி.மீ.க்குக் கிட்டப் போய்விடும். பிஸ்ரன் மேலிருந்து கீழே போகும் தூரத்தை அளந்தால் சந்தேகமே வராது: 948இல் 76.2, 1098இல் 83.7 மி.மீ.

ஹெட்டைக் கழற்ற விடாவிட்டால் கொம்பிரஷன் (சிலிண்டருக்குள் எழும் அழுத்தம்) அளந்து பாருங்கள். நாலு சிலிண்டரும் ஒன்றுக்கொன்று பத்து, பதினைந்து வீதத்துக்குள் இருக்க வேண்டும். நடுவிலுள்ள இரண்டாவதும் மூன்றாவதும் மட்டும் சேர்ந்து இறங்கியிருந்தால் பெரும்பாலும் அவற்றுக்கிடையே கஸ்கெற் எரிந்திருக்கும். அது சின்ன வேலை, விலையைக் குறைக்கக் கேட்கலாம். ஒரே ஒரு சிலிண்டர் இறங்கியிருந்தால் அதற்குள் ஒரு கரண்டி ஒயில் விட்டு மறுபடி பாருங்கள். ஏறினால் றிங் தேய்வு, ஏறாவிட்டால் வால்வு.

கேள்வி: எஞ்சினையும் கியர்பொக்ஸையும் சேர்த்தே இறக்குவதா, தனித்தனியாகவா? எந்த ஒழுங்கில் கழற்றுவது? — மட்டக்களப்பு வாசகர்

பதில்: சேர்த்தே இறக்குங்கள். தனித்தனியாகக் கழற்றினால் பூட்டும்போது கியர்பொக்ஸின் பாரம் கிளச் பிளேற்றின் நடுவில் தொங்கும், பிளேற் வளையும்.

முதல் நாளே கியர்பொக்ஸ் குறுக்குச் சட்டத்தின் போல்ற்களுக்கும் எக்ஸோஸ் குழாயின் பிடிக்கும் ஊடுருவும் எண்ணெய் விட்டு வையுங்கள். வேலையை மறிப்பவை அநேகமாக இவைதான். அங்குல ஸ்பானர் இல்லாமல் தொடங்கவே வேண்டாம். இந்தக் காரில் பெரும்பாலும் 7/16, 1/2, 9/16 தலைகள். 13 மி.மீ. ஸ்பானர் அரை அங்குலத் தலையில் ஏறும், ஏறி மூலைகளைத் தின்றுவிடும்.

பற்றரியைக் கழற்றி, தண்ணீரையும் ஒயிலையும் வடியுங்கள். பொனற்றையும் றேடியேற்றரையும் எடுங்கள். டைனமோவின் இரண்டு வயர், கொயிலிலிருந்து வரும் வயர், ஸ்ராட்டர் கேபிள், ஒயில் அழுத்த வயர், பெற்றோல் குழாய், சோக், அக்சிலரேற்றர் ஆகியவற்றை ஒவ்வொன்றாகப் பெயர் எழுதிக் கட்டிவிட்டுக் கழற்றுங்கள். காபிரேற்றரைக் கழற்றிப் பத்திரப்படுத்துங்கள், தூக்கும்போது முதலில் அடிபடுவது அதுதான். பிறகு காருக்குள் போய்க் கம்பளத்தை விலக்கி, கியர்பொக்ஸ் மேலுள்ள தளத் தகட்டை எடுங்கள். கியர் நெம்பு, வேகமானிக் கேபிள், கிளச் கம்பி, எர்த் வயர் எல்லாம் அங்கே தெரியும். புரொப்பலர் ஷாப்ட்டைப் பின்னால் பிரித்து, கியர்பொக்ஸின் வாலிலிருந்து இழுங்கள். இழுத்ததும் அந்த வாயால் ஒயில் கொட்டும், கீழே ஒரு தட்டு வையுங்கள். எஞ்சினைச் செயின் புளொக்கில் கொஞ்சம் தாங்கவைத்த பிறகே குறுக்குச் சட்டத்தைக் கழற்றவேண்டும். வெளியே எடுக்கும்போது முன்பக்கம் நன்றாக உயர, பின்பக்கம் தாழ வரவேண்டும். செயின் புளொக்கை வேப்பமரக் கிளையில் கட்டும் பழக்கம் நம்மிடம் உண்டு. கிளை தாங்கும், ஆனால் காற்றடித்தால் ஆடும். இரும்பு முக்காலி வாடகைக்கு எடுங்கள்.

1098 வெளியே இருக்கும்போது செய்யவேண்டியதைச் செய்துவிடுங்கள். கிளச் பிளேற்றையும் கார்பன் பெயறிங்கையும் மாற்றுங்கள். பிளைவீல் போல்ற் 40 இறாத்தல்-அடி, பூட்டுத் தகடுகளை மடிக்க மறக்கவேண்டாம். கிளச் பிளேற்றை நடுவாக்கும் கட்டை இல்லாவிட்டால் பழைய கியர்பொக்ஸின் உள்ளீட்டு ஷாப்ட் கையில் இருந்தாலும் சரி, அது இந்தப் பிளேற்றில் பொருந்துகிறதா என்று முதலில் பாருங்கள். சம்ப்பை (எஞ்சினின் அடியிலுள்ள ஒயில் தட்டை) கழற்றி அடியிலுள்ள சேற்றைச் சுரண்டி எடுங்கள். ஹெட் நட் ஒன்பதையும் நடுவிலிருந்து வெளியே சுற்றிச்சுற்றி, மூன்று தடவையாக, 40 இறாத்தல்-அடிக்கு இறுக்குங்கள். வால்வு இடைவெளி குளிர்ந்த எஞ்சினில் 0.012 அங்குலம், அதாவது 0.30 மி.மீ. ஒன்பது என்ற கணக்கை வைத்துக்கொண்டால் சுலபம்: எட்டாவது வால்வு முழுதாக அமுங்கியிருக்கும்போது முதலாவதைச் சரிசெய்யுங்கள், ஏழாவது அமுங்கும்போது இரண்டாவதை. கூட்டினால் ஒன்பது வரவேண்டும்.

இறக்கிப் பூட்டியதும் உடனே ஸ்ராட் பண்ணவேண்டாம். 3.7 லீற்றர் 20W-50 ஒயில் விட்டு, பிளக் நாலையும் கழற்றி, ஒயில் விளக்கு அணையும்வரை ஸ்ராட்டரால் சுற்றுங்கள். அணையாவிட்டால் பம்ப் காய்ந்திருக்கிறது. அதைத் திறந்து வாசலின் நிரப்பி மூடினால் பிடித்துவிடும். சூடான எஞ்சின் ஓட்டத்தில் சதுர அங்குலத்துக்கு 60 இறாத்தல் அளவும், நின்று ஓடும்போது 15 அளவும் அழுத்தம் காட்டவேண்டும். 500 கி.மீ. ஓடியபின் ஹெட்டை மறுபடி இறுக்கி, வால்வையும் மறுபடி பாருங்கள்.

காபிரேற்றர், டிஸ்ரிபியூற்றர் இரண்டையும் 1098 உடன் வந்தவையாகவே பூட்டுங்கள். 1098 மைனரின் எச்எஸ்2 காபிரேற்றருக்கு உரிய ஊசி ஏஎன். 948இன் காபிரேற்றரை அதன் ஊசியோடு அப்படியே ஏற்றினால் கலவை மெலிந்து, வேகத்தில் வால்வு எரியும்.

கேள்வி: பண்டாரவளையில் இருக்கிறேன், தினமும் ஏற்றம்தான். 4.22 டிபரன்சல் போட்டால் ஏற்றத்தில் இழுவை குறையும் என்று மெக்கானிக் சொல்கிறார். உண்மையா? — பண்டாரவளை வாசகர்

பதில்: உங்கள் மெக்கானிக் சொல்வதில் பாதி சரி. எஞ்சினின் உச்ச இழுவையைக் கியர் விகிதங்களால் பெருக்கினால் சக்கரத்துக்குப் போகும் இழுவையை ஒப்பிடலாம். பழைய 948, 4.55 டிபரன்சல், மேல் கியர்: 50 × 4.55 = 227.5. 1098, 4.22: 60 × 4.22 = 253. மேல் கியரில் பதினொரு வீதம் கூடுகிறது. முதலாவது கியரிலும் இதே அளவு கூடும், ஏனெனில் இரண்டு பெட்டியிலும் முதலாவது விகிதம் 3.628.

ஏற்றத்தில் நீங்கள் அதிகம் நிற்கும் இரண்டாவது கியரில்தான் கணக்கு மாறுகிறது. 948 பெட்டியில் அது 2.374, 1098 பெட்டியில் 2.172. பழைய காரில் 50 × 2.374 × 4.55 = 540. புதியதில் 60 × 2.172 × 4.22 = 550. ஏறத்தாழ ஒன்றுதான். காசு செலவழித்தும் பழைய மாதிரியே ஏறுகிறது என்று மலைநாட்டில் சிலர் சொல்வதற்குக் காரணம் இந்த இரண்டாவது கியர். உங்களுக்கு எங்கள் யோசனை: 1098 எஞ்சின், 1098 கியர்பொக்ஸ், பழைய 4.55 டிபரன்சல். இரண்டாவது கியரில் 593 வரும், பத்து வீத நன்மை. சமதரையில் 145 × 14 ரயருடன் 80 கி.மீ. வேகத்தில் எஞ்சின் சுமார் 3,375 சுற்றுப் போகும், 4.22 என்றால் சுமார் 3,125. கொழும்புக்கு அடிக்கடி போகாதவருக்கு இந்த வித்தியாசம் பெரிதல்ல.

ஒன்று கவனியுங்கள். உயர் அழுத்த 1098இன் அழுத்த விகிதம் 8.5:1. 92 ஒக்டேனில் ஏற்றத்தில் டிக் டிக் என்று தட்டினால், தட்டுவது நிற்கும்வரை ரைமிங்கை (பிளக் பொறிவிடும் நேரத்தை) கொஞ்சம் பின்தள்ளுங்கள். அப்படியே தட்டவிட்டால் பிஸ்ரன் உடையும்.

கேள்வி: எஞ்சின் மாற்றிய பிறகு ஸ்ராட்டர் மெதுவாகச் சுற்றுகிறது, சோக் கேபிள் தொடமுடியாமல் சுடுகிறது. பற்றரி புதிது. — நல்லூர் வாசகர்

பதில்: கியர்பொக்ஸுக்கும் தளத்துக்கும் இடையிலுள்ள எர்த் வயரைப் பூட்ட மறந்துவிட்டார்கள், அல்லது பெயின்ற் மேல் பூட்டியிருக்கிறார்கள். எஞ்சின் இறப்பரில் உட்கார்ந்திருப்பதால் மின்னோட்டத்துக்கு வேறு வழி இல்லை. ஸ்ராட்டரின் மின்னோட்டம் முழுவதும் சோக் கேபிளின் உறை வழியே போகிறது. இன்றே பாருங்கள், அந்தக் கேபிள் சிவந்து தீப்பற்றிய கார்கள் உண்டு. இரண்டு முனையையும் இரும்பு தெரியுமட்டும் சுரண்டிப் பூட்டுங்கள்.

கேள்வி: 8 அங்குல முன்பிறேக் பூட்டினோம். பெடல் கல் மாதிரி நிற்கிறது, ஆனால் கார் நிற்கவில்லை. காற்று இல்லை என்று நிச்சயமாகத் தெரியும். — கிளிநொச்சி வாசகர்

பதில்: தனியான இடத்தில் பின்பக்கமாக ஓட்டிப் பிறேக் அடித்துப் பாருங்கள். பின்னால் போகும்போது பிடித்து, முன்னால் போகும்போது பிடிக்காவிட்டால் இடப்பக்கத் தகட்டை வலப்பக்கமும் வலப்பக்கத்தை இடப்பக்கமும் பூட்டியிருக்கிறீர்கள். இந்த பிறேக்கில் ஒவ்வொரு முன்சக்கரத்துக்கும் இரண்டு சிலிண்டர். முன்னோக்கிச் சுழலும் டிரம் இரண்டு ஷூவையும் தானே உள்ளே இழுத்து இறுக்கும் வகையில் அவை அமைந்திருக்கின்றன. பக்கம் மாறினால் டிரம் அதே ஷூவைத் தள்ளிவிடும்.

சரியான பக்கத்துக்கு மாற்றியதும் ஒவ்வொரு ஷூவையும் டிரம்மின் துளைக்குள்ளால் திருகாணித் தலையைப் பிடித்து, டிரம் இறுகும்வரை திருகி, ஒரு பல் பின்வாங்குங்கள். முன்னால் சக்கரத்துக்கு இரண்டு, பின்னால் ஒன்று. முன்னால் ஒன்றையே திருகிவிட்டு மற்றதை மறப்பது வழக்கமான பிழை. காற்று எடுக்கும் ஒழுங்கு மாஸ்ரர் சிலிண்டரிலிருந்து தூரமானதிலிருந்து தொடங்கும்: இடப் பின், வலப் பின், இட முன், வல முன். மாஸ்ரர் சிலிண்டர் சாரதியின் காலடித் தளத்துக்குக் கீழே இருப்பதால் எண்ணெய் குறைவதை யாரும் பார்ப்பதில்லை. ஒவ்வொரு சக்கரத்துக்கும் பிறகு மூடியைத் திறந்து நிரப்புங்கள்.

கேள்வி: ஏ40 எஞ்சின் ஒன்றும் மினி எஞ்சின் ஒன்றும் மலிவாகக் கிடைக்கின்றன. மைனருக்கு ஏறுமா? — திருகோணமலை வாசகர்

பதில்: எந்த ஏ40? சோமசெற், டெவன், கேம்பிரிட்ஜ் ஏ40களின் 1200 சிசி எஞ்சின் வேறு குடும்பம், அதை விடுங்கள். ஃபரினா உடல் கொண்ட ஏ40இன் எஞ்சின்தான் மைனரின் உறவு, முதலில் 948, 1962இன் பிற்பகுதியிலிருந்து 1098. இது ஏறும், ஆனால் எஞ்சினைத் தாங்கும் முன்தகடு மைனருடையதாக இருக்கவேண்டும். அந்தத் தகடு ரைமிங் உறைக்குப் பின்னால் இருப்பதால் கிராங் புலி (கப்பி), உறை, செயின் எல்லாம் கழற வேண்டும். திரும்பப் பூட்டும்போது இரண்டு பற்சக்கரத்திலுமுள்ள புள்ளிகள் எதிரெதிரே நிற்கவேண்டும். புலி நட்டுக்கு 1 5/16 அங்குல ஸ்பானர் தேவை, இறுக்கம் 70 இறாத்தல்-அடி.

மினி எஞ்சின் வேண்டாம். அது குறுக்கே உட்காரும் எஞ்சின், கியர்பொக்ஸ்தான் அதன் சம்ப். கிராங்கின் பின்முனை கூம்பு வடிவம், மைனருக்கு வேண்டியது தட்டையான விளிம்பு. அதிலிருந்து டைனமோ, வால்வு போன்ற சில்லறைச் சாமான்களை எடுக்கலாம்.

கேள்வி: தொண்ணூறுகளில் மண்ணெண்ணெயில் ஓடிய 1098 ஒன்று வீட்டில் கிடக்கிறது. இனி உபயோகிக்கலாமா? — பருத்தித்துறை வாசகர்

பதில்: திறந்து பார்த்த பிறகுதான் சொல்லலாம். பெற்றோல் தடைக்காலத்தில் யாழ்ப்பாணத்துக் கார்கள் ஒரு சொட்டுப் பெற்றோலில் ஸ்ராட்டாகி மண்ணெண்ணெயில் ஓடின. எரியாத மண்ணெண்ணெய் பிஸ்ரன் வழியே இறங்கி ஒயிலை நீர்க்கவைக்கும், அதனால் துளையும் பெயறிங்கும் தேயும். தட்டல் பிஸ்ரனின் றிங் வரம்புகளை உடைக்கும். துளையின் மேல்விளிம்பில் நகம் இடறினால் போர் பண்ணவேண்டும். கிராங் நல்லதாயின் எஞ்சின் தகுதியானது. ஹெட் கழன்றிருக்கும்போதே எக்ஸோஸ் வால்வுகளுக்குக் கடினச் சீற் போடுங்கள், ஈயமில்லாப் பெற்றோலுக்கு அது வேண்டும்.

கேள்வி: எஞ்சின் மாற்றினால் பதிவுப் புத்தகத்தில் என்ன செய்வது? — மன்னார் வாசகர்

பதில்: புத்தகத்தில் எஞ்சின் இலக்கம் இருப்பதால் மாற்றத்தை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதியவேண்டும். பழைய காரை வாங்கிய ரசீதையும் அதன் புத்தகப் பிரதியையும் வேலை தொடங்குமுன் கையில் வாங்குங்கள், பிறகு விற்றவரைப் பிடிப்பது கஷ்டம். காப்புறுதிக்காரருக்கும் எழுதிக் கொடுங்கள். இலக்கத் தகட்டைப் பழைய காரிலிருந்து கழற்றி உங்கள் காரில் ஆணியடிக்கும் யோசனை யாராவது சொன்னால் கேட்காதீர்கள், அது குற்றம்.

கேள்வி: கியர்பொக்ஸுக்கு எந்த ஒயில்? வேகமானி பிழையாகக் காட்டுகிறதே? — ஹற்றன் வாசகர்

பதில்: கியர்பொக்ஸுக்கு எஞ்சின் ஒயில், 1.3 லீற்றர். டிபரன்சலுக்கு விடும் 90 ஒயிலை இதற்குள் விட்டால் காலையில் கியர் விழாது. வேகமானி டிபரன்சலுக்குப் பொருந்தியது. 4.55க்கு உரியதை 4.22உடன் வைத்தால் ஏழு வீதம் குறைத்துக் காட்டும்: முள் 60இல் நிற்கும்போது நீங்கள் 64க்கு மேல் போய்க்கொண்டிருப்பீர்கள். 1098 காரின் வேகமானியையே எடுத்துப் பூட்டுங்கள்.